கண்டி மகாவாசல்: ஓர் அரண்மனையின் அமைப்பும் அரசியலும்

கண்டிக்கு வருவோருள் தலதா மாளிகையின் முன்றலில் நில்லாது திரும்புவோர் மிகச் சிலரே. ஏரிக்கரையோரமாக நடந்து வந்து, நீர் நிறைந்த அகழியையும், முகிற் கூட்டம் போல வளைந்து வளைந்து செல்லும் மதிலையும், அதன் ஓரத்தில் எழுந்து நிற்கும் எண்கோண மண்டபத்தையும் கண்டு, இவை யாவும் கோயிலின் உறுப்புகள் என்ற எண்ணத்தோடு அவர்கள் செல்கின்றனர். வரலாற்று நோக்கில் இவ்வெண்ணம் தலைகீழானது. அகழியும் மதிலும் எண்கோணமும் அரண்மனைக்காக எழுந்தவை. புனித தந்தத்தைக் கொண்ட கோயிலே அரண்மனை வளவினுள் இருந்தது. அரசன் போய்விட்டான், கோயில் நிலைத்தது. ஆகவே அரண்மனையின் முகப்பு முழுவதும் காலப்போக்கில் கோயிலின் முகப்பாயிற்று.

இவ்வரண்மனையைச் சிங்களத்தில் மகாவாசல என்பர். அரண்மனையை அதன் வாயிலின் பெயரால் அழைக்கும் மரபு இது. 'வாசல்' என்ற தமிழ்ச் சொல்லோடு அதற்குள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சொல்லொற்றுமையை வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்துக்கே உரிமை கோரும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதால், இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினாவைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நன்று. கண்டி அரண்மனை பற்றி இரு கூற்றுகள் நிலவுகின்றன. மதுரையிலிருந்து வந்த நாயக்கர் அந்நியர். அரண்மனையோ சிங்கள பௌத்த அரசின் சின்னம். அவர்கள் அதில் இடையே குடியேறியவர் மட்டுமே என்பது ஒன்று. கண்டியின் இறுதி மன்னர் நால்வரும் தமிழர். ஆதலால் அரண்மனை தமிழரின் ஆக்கம் என்பது மற்றொன்று. பின்னையது நமது மேடைகளிலும் மலர்களிலும் பெருமிதத்தோடு சொல்லப்படுவது. கட்டடத்தின் சான்றையும் அதைக் கட்டிய சமூகத்தின் சான்றையும் நோக்குமிடத்து, இரண்டும் நிலைபெறா என்பது எமது கருத்து.

செங்கடகல என வழங்கிய கண்டியின் தோற்றத்தைக் கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு (1357-1374) இணைத்துக் கூறுவது மரபு. தனியரசின் தலைநகராக அது எழுந்தது 15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலாகும். 1592இல் அரசேறிய முதலாம் விமலதர்மசூரியன் இங்கு விரிவானதோர் அரண்மனையை எழுப்பினான். போர்த்துக்கேயரிடையே வளர்ந்தவனாதலின் அவர்களது கட்டட முறை அதிற் கலந்திருந்தது. 1602இல் அவனைக் காண வந்த ஒல்லாந்தக் கடற்றலைவர் ஸ்பில்பேர்கன் அவ்வரசவையின் சிறப்பை எழுதியிருக்கிறார். அந்த அரண்மனையில் இன்று நாம் காணத்தக்கது எதுவுமில்லை. அடுத்த தலைமுறையில் போர்த்துக்கேயப் படைகள் நகருள் புகுந்து அதை எரித்தன. அரசர்களும் எப்போதும் கண்டியிலேயே இருந்தாரல்லர். இரண்டாம் இராஜசிங்கன் 1664ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அங்குராங்கெத்தையிலும், நரேந்திரசிங்கன் (1707-1739) குண்டசாலையிலும் வாழ்ந்தனர். பகைவர் வந்தால் நகரைக் கைவிட்டு மலைக்குள் மறைவதும், மழைக்காலமும் காய்ச்சலும் பகைவரைக் களைப்படையச் செய்தபின் மீள்வதும் கண்டியின் போர்முறையாகும். மரத்தாலும் களிமண்ணாலும் ஆன அரண்மனை இம்முறைக்குப் பொருந்தியது. எரிந்தால் மீண்டும் கட்டலாம். கருங்கல்லாற் பேரரண்மனை எழுப்பிய அரசன் அதைக் காக்க நின்று போரிட வேண்டியிருந்திருக்கும்.

நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வழியில் மகனின்றி 1739இல் இறந்தான். பட்டத்தரசிகள் சூரியகுல க்ஷத்திரியராயிருத்தல் வேண்டும் என்பது கண்டிப் பிரதானிகளின் கொள்கை. இரண்டாம் இராஜசிங்கன் காலந்தொட்டே மணமகளிர் மதுரையிலிருந்து வரவழைக்கப்பட்டனர். அவ்வழக்கின் தர்க்கரீதியான முடிவாக அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அவன் வாளோடு வந்து நாட்டைப் பிடித்தவனல்லன். பிரதானிகள் தேர்ந்து அமர்த்தியவன். தமக்குள் ஒரு குடும்பம் மேலெழுவதைவிட வேரற்ற வெளியாள் ஒருவன் அரியணையில் இருப்பது பல பிரதானிகளுக்கு உகந்ததாயிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747-1782), இராஜாதி இராஜசிங்கன் (1782-1798), ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் (1798-1815) ஆகியோர் ஆண்டனர்.

இந்நாயக்கரின் வீட்டுமொழி தெலுங்கு. தமிழை நன்கறிந்து வழங்கினர். சிங்களம் ஆட்சிமொழி. பௌத்தம் அரசமதம். கீர்த்தி ஸ்ரீ சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சிக்குத் துணைநின்று, 1753இல் உபசம்பதையை மீள நிலைநாட்டினான். அதே அரசன் திருநீறு அணிகிறான் என்ற குறைபாடும் எழுந்தது. 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சிலர் கூடி அவனைக் கொன்று சீய இளவரசன் ஒருவனை அரசனாக்கச் சதி செய்து தோற்றனர். நாயக்கரை 'அந்நியர்' என வெறுத்தோர் சீயத்தவனை அழைத்தனர் என்பது அக்கால 'அந்நியம்' என்ற கருத்து இன்றைய இனக் கருத்தோடு ஒன்றன்று என்பதைத் தெளிவாக்கும். அரசனின் உறவினர் நகரின் குமாருப்பை வீதியில் குடியிருந்தனர். பிரித்தானியர் அதனை மலபார் வீதி என்றனர். இச்சொல்லுக்குப் பின்னர் திரும்புவோம்.

1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படையுடன் கண்டிக்குள் நுழைந்தான். அரசன் தந்தத்துடன் மலைகளுக்குள் சென்றுவிட்டான். அரண்மனை சூறையாடப்பட்டது. ஒல்லாந்தர் நிலைத்திருக்க இயலாது பின்வாங்க, 1766இல் உடன்படிக்கையாயிற்று. 1803இல் ஆங்கிலப் படை வந்தபோதும் நகர் வெறுமையாயிருந்தது. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. ஆகவே இன்று எஞ்சியுள்ள அரண்மனைக் கட்டடங்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1815க்கும் இடைப்பட்டவை. 'பண்டைய' என்ற அடைமொழியை இவற்றுக்குச் சூட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அரண்மனை முழுமையாயிருந்த நிலையை அறிய நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று, 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராயிருந்த யோன் டேவியின் நூலாகும். 1821இல் வெளிவந்த அந்நூலின்படி அரண்மனையின் முகப்பு ஏறத்தாழ 200 யார் நீளமுடையது. கோயில்களை நோக்கி நின்றது. ஒரு முனையில் பத்திரிப்புவ எனப்படும் எண்கோணம். பெருவிழாக் காலங்களில் அரசன் அதன் மேற்றளத்தில் தோன்றிச் சதுக்கத்திற் கூடிய மக்களுக்குக் காட்சியளித்தான். மறு முனையில் அரச மகளிரின் இல்லம். அதன் முகத்தில் சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் கல்லிற் செதுக்கப்பட்டிருந்தன. இடையே அகழியைக் கடக்கும் பாலம், பின்னர் வளைவாயில், அதன்பின் படிகள். ஒருபுறப் படிகள் கோயிலுக்கும் எண்கோணத்துக்கும், மறுபுறப் படிகள் அரசவை மண்டபத்துக்கும் இட்டுச் சென்றன. அகழிச் சுவரில் முக்கோண வடிவிலமைந்த மாடங்கள் விளக்கேற்றுவதற்காக விடப்பட்டவை. விழா இரவுகளில் அவற்றின் சுடர்கள் நீரிலே தோன்றிய காட்சியை இன்றும் நாம் ஓரளவு கற்பனை செய்யலாம்.

இவ்வமைப்பில் ஓர் அரசியல் உண்டு. கோயிலுக்குச் செல்லும் வழியும் அரசவைக்குச் செல்லும் வழியும் ஒரே வாயிலிலிருந்து பிரிகின்றன. தந்தம் யாரிடமோ அவரே அரசர் என்பது கண்டி மக்களின் நம்பிக்கை. அதனைக் கட்டடமே கற்பித்தது. மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம், அருகே விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள், சற்றுத் தொலைவில் கதிர்காம தேவாலயம். பௌத்தமும் தெய்வ வழிபாடும் அரசும் ஒரே சதுக்கத்தைச் சுற்றி நின்றன. பெரஹரா என்னும் ஊர்வலம் இவற்றை ஆண்டுதோறும் ஒரு கயிற்றிற் கோத்தது.

உள்ளமைப்பை நோக்குமிடத்து, அரச இல்லம், அரசியரின் பல்லே வாசல, உறவினர்க்குரிய மெத வாசல, ஆயுதசாலை, அரசவை மண்டபம், நீராடு இல்லம் எனத் தனித்தனிக் கட்டடங்களின் தொகுதியாகவே மகாவாசல் இருந்தது. ஒரே கூரையின் கீழமைந்த பெருமாளிகை அன்று. மெத வாசல நடுமுற்றமும் அதனைச் சூழ்ந்த திண்ணையும் உடையது. மலைநாட்டுப் பிரதானிகளின் வளவு வீடுகளும் இவ்வாறே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. அளவால் மட்டுமே அரண்மனை வேறுபட்டது என்று தோன்றும். ஆனால் அரசாணையால் காக்கப்பட்ட வேறுபாடுகளும் இருந்தன.

1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்த றொபேட் நொக்ஸ், பொதுமக்கள் மாடி வைத்துக் கட்டவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதிக்கப்படவில்லை என எழுதுகிறார். ஓடும் வெண்சுவரும் மாடியும் வசதிகள் அல்ல. அவை பதவியின் அடையாளங்கள். கூரையைக் கண்டே குடியிருப்பவனின் தரத்தை அறியலாம். நிலமானியச் சமூகங்கள் பலவற்றில் இத்தகைய விதிகள் உண்டு. சீனத்தில் சிங் வமிசத்தார் இளவரசர் மாளிகைகளுக்குக் கட்டடத்தின் பத்திகள் இத்தனை, கூரையோட்டின் நிறம் இன்னது எனத் தரவாரியாக வகுத்திருந்தனர். பீக்கிங்கில் இன்றும் நிலைத்திருக்கும் குங் இளவரசர் மாளிகை, முதலில் ஹெஷன் என்ற பேரமைச்சன் தனக்கெனக் கட்டியது. 1799இல் அவன் மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் பேரரசரின் மாளிகையைப் பார்த்துத் தன் வீட்டின் உட்புறத்தை அமைத்ததும் ஒன்று. அவன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டான். வீடு அரசுடைமையாகி, 1851இல் குங் இளவரசரைச் சேர்ந்தது. கண்டியில் எகலப்பொல பிரதானியின் வளவு இதற்கொத்த விதியை அடைந்தது. 1814இல் அவன் பிரித்தானியரை நாடிச் சென்றபோது மனைவியும் மக்களும் அரச ஆணையாற் கொல்லப்பட்டனர். ஆங்கிலேயரின் பக்கம் நின்ற அவனும் பின்னர் அவர்களாலேயே நாடுகடத்தப்பட்டு 1829இல் மொரீசியசில் இறந்தான். அவனது வளவு பிரித்தானியரின் சிறைச்சாலையாயிற்று. ஆட்சியாளரின் வீடுகள் ஆட்சியாளர் மாறுகையில் சிறையாவதும் அருங்காட்சியகமாவதும் உலகெங்கும் காணும் நிகழ்ச்சி.

அரண்மனைத் தொகுதியில் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபமே. இராஜாதி இராஜசிங்கன் 1783இல் இதனைத் தொடங்கினான். ஸ்ரீ விக்கிரமன் காலத்திலே நிறைவெய்தியது. சுவரில்லாத, நாற்புறமும் திறந்த மண்டபம். உயர்ந்த கல்மேடை, அதன்மேல் வரிசையாகச் செதுக்கு வேலை செறிந்த மரத்தூண்கள், அவற்றின்மேல் கண்டிக்கே உரிய இருசரிவுக் கூரை. மேற்சரிவு செங்குத்தாக இறங்கி, ஓரிடத்தில் மடிந்து, கீழ்ச்சரிவு தாழ்வாக நீண்டு தாழ்வாரமாகிறது. மலைநாட்டுப் பெருமழையைத் தூண்களிலும் மண்சுவரிலும் படாது தூரத்தே எறிவதற்கென அமைந்த முறை இது. கூரையின் அழகு அதன் பயனிலிருந்து பிறந்தது.

தூண்களைச் சற்று நெருங்கிக் காண்போம். அடி சதுரம். அதன்மேல் மூலைகள் செதுக்கப்பட்டு எட்டுப்பட்டையாகிறது. மீண்டும் சதுரம், மீண்டும் எட்டுப்பட்டை. சதுர முகங்களில் தாமரை, கொடிப்பின்னல் முதலியன. உச்சியில் நாற்புறமும் நீண்டு, கவிழ்ந்த தாமரை மொட்டாய் முடியும் போதிகை. சிங்களத்தில் இதனைப் பேக்கட என்பர். நாயக்கர் காலத்துக் கோயில் மண்டபங்களிலே பூமுனைப் போதிகையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவ்வுறவு உடனே புலப்படும். இவ்விடத்திலேதான் 'இது நாயக்கர் கலை' என்ற முடிவுக்கு நம்மவர் விரைந்து செல்கின்றனர்.

விரைவு தவறு. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் இதே அமைப்புடையவை. அத்தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசர் காலத்திலே தோன்றியது. அப்போது மதுரையில் நாயக்கர் ஆட்சியே தொடங்கவில்லை. கடலாதெனிய விகாரை 1344இல் கல்லில் எழுந்தது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்று அங்குள்ள சாசனம் கூறுகிறது. பெயரும் கட்டட முறையும் தென்னிந்தியத் தொடர்பைக் காட்டுகின்றன. கண்டி நகரிலேயே நாத தேவாலயத்தின் கற்கோயில் திராவிட முறையிலமைந்தது, அதுவும் அக்காலத்ததே. ஆகவே தென்னிந்திய முறை மலைநாட்டுக்கு வந்தது அரசரோடன்று. சிற்பிகளோடு, நாயக்கருக்கு நான்கு நூற்றாண்டுகள் முந்தி.

மறுபக்கத்தையும் நோக்குவோம். மதுரையில் திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய மகாலின் பருத்த செங்கற்றூண்களும் சுதைவேலைகளும் உயர்ந்த வளைவுகளும் யாவரும் அறிந்தவை. தமது தாய்நாட்டு அரண்மனை முறையைக் கண்டி நாயக்கர் கொண்டுவந்திருப்பின், மலைநாட்டில் அத்தகையதொரு சிறு மகாலையாவது நாம் காண வேண்டும். அத்தகையது இல்லை. இராஜாதி இராஜசிங்கன் தன் அரசவைக்கு ஓலைகளிலும் மரத்திலும் பழகிய மலைநாட்டுத் தச்சரையே அழைத்தான். மதுரையில் வேர்கொண்ட குடும்பம் கட்டிய மண்டபம் சிங்கள மலைநாட்டு மரக்கலையின் முதிர்ந்த வடிவம். திராவிடக் கற்கோயிலோ நாயக்கர் வருமுன்னரே சிங்கள அரசர் எழுப்பியது. 'யாருடையது' என்ற வினாவை இனப்பெயரால் விடுவிக்க முனைவோர்க்குக் கண்டிச் சதுக்கம் இவ்வாறு எதிர்மாறான விடைகளையே தருகிறது.

கலைஞர் யாவர் என்பதும் கேட்கத்தக்கது. அரசனின் கைவினைஞர் 'பட்டல்' எனப்பட்ட நான்கு தொழிற்சாலைகளிற் பகுக்கப்பட்டிருந்தனர். இவர்களது வாழ்வையும் நுட்பத்தையும் முறையாக ஆராய்ந்து 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்புத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் சிங்களக் கைவினைஞரின் வரலாற்றாசிரியரானார் என்பதை இன்று இரு சாராரும் மறந்திருப்பது வியப்பே. எண்கோணத்தையும் முகில்மதிலையும் ஏரியையும் வகுத்தவனாக மரபு கூறும் தேவேந்திர மூலாசாரி அக்கைவினைஞர் குலத்தைச் சேர்ந்தவன். ஆசாரி என்னும் சொல் கடலின் இருமருங்கிலும் ஒன்றே; தொழிலும், சாதிப்படியில் அவர்க்கு அளிக்கப்பட்ட இடமும் பெரிதும் ஒன்றே.

தச்சரின் பெயராவது ஒன்றிரண்டு எஞ்சியது. மரத்தை வெட்டி இழுத்தவர்களின், மண் சுமந்தவர்களின் பெயர் எதுவுமில்லை. கண்டியில் நிலம் பெற்றவன் அந்நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு உழைக்கக் கடமைப்பட்டவன். அதுவே இராஜகாரியம். மகாவாசல் முழுவதும் இக்கூலியற்ற உழைப்பின் திரட்சியாகும். ஸ்ரீ விக்கிரமன் 1807ஆம் ஆண்டளவில் அரண்மனை முன்னிருந்த வயல்வெளியை அணைகட்டி ஏரியாக்கத் தொடங்கினான். பாசனத்துக்குப் பயன்படாத, கண்ணுக்கு இனிமை தரும் ஏரி அது. விளைநிலம் நீருள் மூழ்கியது. மாகாணங்களிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். பல்லாயிரம் குளங்களைக் கட்டிய நாட்டில், வயலை அழித்துக் கட்டிய ஏரி இது என்ற கசப்பு மக்களிடை எழுந்திருப்பின் அதில் வியப்பில்லை. மறுத்தோரை ஏரியின் அடியிற் கழுவேற்றினான் என்ற கதை அக்கசப்பின் வடிவம். அக்கதையைப் பரப்புவதில் அவனை வீழ்த்த நினைத்தோர்க்குப் பயனும் இருந்தது. கொடுங்கோன்மை இல்லை என்று நாம் வாதிடவில்லை. எகலப்பொலவின் குடும்பத்துக்கு நேர்ந்தது ஒன்றே அதற்குப் போதிய சான்று. கொடுங்கோன்மைக்கு இனமில்லை என்பதே எமது வாதம். கட்டாய உழைப்பை நாயக்கர் கண்டுபிடிக்கவில்லை. முன்னிருந்த அரசரிடமிருந்து பெற்றனர். பிரதானிகளும் தத்தம் வளவுகளில் அதனையே பெற்றனர்.

கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய அவ்விளைஞனை 1798இல் அரியணையேற்றியவன் முதல் அதிகாரம் பிலிமத்தலாவ. தன் கையிலுள்ள பாவையாய் இருப்பான் என்று எண்ணியவன், அவ்வெண்ணம் பிழைத்தபின் சதி செய்து உயிரிழந்தான். அடுத்து எகலப்பொல. கொழும்பில் தேசாதிபதி பிரவுன்றிக்கும், சிங்களம் நன்கு பயின்ற யோன் டொயிலியும் இப்பகைமைகளை ஆண்டுக்கணக்கில் நுணுகிக் கவனித்து, கடிதங்களாலும் பரிசுகளாலும் வளர்த்தனர். 1815 பெப்ரவரி 18இல் அரசன் தும்பறைப் பகுதியிற் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவவில் பிரதானிகள் கூடியிருக்க உடன்படிக்கை வாசிக்கப்பட்டது.

அதன் வாசகம் ஆழ்ந்து கற்கத்தக்கது. அரசனின் கொடுமைகள் 'மலபார்' ஆட்சியாளனின் கொடுமைகள் எனக் கூறப்பட்டன. அவன் அரியணையை இழந்தான் என்பதோடு நில்லாது, அவனது உறவினர் எவ்வழியினராயினும் என்றென்றைக்கும் விலக்கப்படுவர் என்றும், கண்டி நாடுகளின் மீது மலபார் இனத்தவரின் உரிமை முற்றாக அழிக்கப்படுகிறது என்றும் எழுதப்பட்டது. ஆண் உறவினர் அனுமதியின்றி அந்நாடுகளில் நுழைதலும் தடைசெய்யப்பட்டது. மலபார் என்பது தென்னிந்தியர், தமிழர் யாவரையும் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய பெயர். அரசவையில் நிகழ்ந்த ஓர் அதிகாரப் பூசல் இவ்விடத்திலே இனப்பூசலாக மொழிபெயர்க்கப்பட்டது. எழுதியவர் ஆங்கிலேயர். எழுதப்பட்ட நோக்கம் ஓர் அரசுரிமையைச் சட்டப்படி வேரறுத்தல். அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்ட பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்துகளில் அல்லது தமிழெழுத்துக் கலந்து தம் பெயரை எழுதினர் என்பது நன்கறிந்த செய்தி. இதனைக் கொண்டு அவர்களைத் தமிழராக்க முனைவது அறியாமை. அரசவையில் இரு எழுத்தும் இழிவின்றி வழங்கின என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை. அவ்வுண்மையின் முன் 'மலபார் இனம்' என்ற சட்டச்சொல் எத்துணைச் செயற்கையானது என்பதும் விளங்கும்.

மக்கள் அச்சொல்லை ஏற்றனரா? இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவா வெல்லசைப் பெருங்கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியாளர் தம் அரசனாக ஏற்றவன் வில்பாவ என்ற சிங்களவன். அவன் மக்கள் முன் தோன்றியதோ துரைசாமி என்னும் நாயக்க இளவரசனாக! உரிமையுள்ள அரசன் நாயக்கக் குடும்பத்திலிருந்தே வருவான் என்பது சிற்றூர்ச் சிங்களக் குடியானவனின் எண்ணமாக அப்போதும் இருந்தது. ஆங்கிலேயருக்கு எதிரான முதற் பெரும் மக்கள் எழுச்சி, அவர்கள் 'அந்நியர்' எனத் தீர்ப்பளித்த குடும்பத்தின் பெயராலேயே நிகழ்ந்தது. அதன் தலைவன் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இல் போகம்பறையில் தலைவெட்டுண்டான். எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவனது மண்டையோடு 1954இல் மீண்டு, மாளிகைக்கு முன்னுள்ள மகாமளுவவில் வைக்கப்பட்டது.

அரசன் 1816இல் கடல்வழியே கொண்டுசெல்லப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். 1832 சனவரி 30இல் அங்கே இறந்தான். கோட்டையினுள் அவன் இருந்த கட்டடம் கண்டி மகால் என வழங்குகிறது. பாலாற்றங்கரையிலுள்ள கல்லறைக்கு 1990இல் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் எழுப்பியது. அவன் இறந்த அதே 1832ஆம் ஆண்டிலே இராஜகாரியத்தை ஒழிக்கும் ஆணை பிறந்தது. இதனைக் கேட்டு ஆங்கிலேயரை மெச்ச வேண்டியதில்லை. 1820களில் கொழும்பு - கண்டிப் பெருவீதியை அதே இராஜகாரியத்தைக் கொண்டே அவர்கள் அமைத்து முடித்திருந்தனர்.

அரண்மனைக்கு வருவோம். அரச இல்லத்தில் டொயிலி குடியேறினார். பின்னர் அரசாங்க அதிபர்கள். வளவின் பகுதிகளில் நீதிமன்றங்கள் நெடுங்காலம் இயங்கின. 1806இல் அரசியர்க்கென எழுந்த நீராடு இல்லத்தின் மேல் ஒரு மாடி கட்டப்பட்டு நூலகமாயிற்று. ஏரி நடுத்தீவு வெடிமருந்துக் கிடங்காயிற்று. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அரியணை இங்கிலாந்துக்குச் சென்று 1934இல் திரும்பியது; அது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு வருகைக்காக மகுல் மடுவ நீட்டப்பட்டது. அதற்கு வேண்டிய தூண்கள் அரண்மனையின் பிற பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டன. அரசனது மண்டபம் பெரிதாயிற்று, அரசியரது இல்லம் குறைந்தது. எஞ்சிய பல்லே வாசல 1942 முதல் தேசிய அருங்காட்சியகமாக விளங்குகிறது. எண்கோணம் தலதா மாளிகையின் ஏட்டுச்சுவடி நூலகமாயிற்று.

அப்பெருவீதியால், 1867 முதல் இருப்புப்பாதையாலும், மலைகளுக்கு வேறொரு தமிழினம் வந்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தவர்கள் அவர்கள். கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே தமிழரின் வரலாறு என்று ஒன்றை எழுதப் புகுவோர் குமாருப்பை வீதியில் நின்றுவிடுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். நான்கு அரசரின் பெயர்கள் மனப்பாடமாயிருக்கும் மாணவருக்கு, மாத்தளை வழியில் இறந்த கூலியாளரைப் பற்றி ஒரு பக்கமும் கற்பிக்கப்படுவதில்லை. இராஜகாரியத்தில் மண் சுமந்த சிங்களக் குடியானவனுக்கும் லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கும் உள்ள உறவு, அவ்விருவருக்கும் அரசர்களோடு உள்ள உறவைவிட நெருங்கியது. 1948இல் சுதந்திரம் வந்தது. அந்நிகழ்வின் நினைவாகக் கொழும்பில் எழுப்பிய மண்டபம் மகுல் மடுவவை மாதிரியாகக் கொண்டது. தூண்களும் போதிகைகளும் அதனவே. அதே ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அத்தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1815இன் வாசகத்தை அறிந்தவர்க்கு இச்சட்டத்தின் நடை அந்நியமாயிராது.

1988இல் கண்டிப் புனித நகர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 1998 சனவரி 25இல் விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு லொறி மாளிகை வாயிலில் வெடித்துப் பொதுமக்கள் பலர் மாண்டனர். முகப்பும் கூரையும் சிதைந்தன. ஆங்கிலேயர் 'மலபார்' என்றும் 'கண்டியர்' என்றும் பிரித்த அதே வாயிலில், அப்பிரிவினையை இருபுறமும் ஏற்றுக்கொண்ட ஒரு காலத்தில் இது நடந்தது. பிரித்தானியரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதனைக் கூறாது விடுவோமாயின் நாம் வரலாறு எழுதியவராகோம். சீரமைப்பு வேலை தொடங்கியபோது, வெடிப்பினால் பூச்சு உதிர்ந்த சுவர்களில், பிற்காலப் பூச்சின் கீழே மறைந்திருந்த கண்டிக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. எவர் எப்போது அவற்றை மூடினார் என்பதை விசாரிக்காமலேயே பலகாலம் அச்சுவர்களின் முன் நின்று வணங்கியவர் பல இலட்சம் பேர்.